மூணாவது வரட்டும்

கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளியில் தொடங்கி வாசலில் பில்லைப் பார்த்து ஓட்டை போடும் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'மூணாவது'. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவருக்கு மேலே இன்னும் இரண்டு பேர் இருப்பதாக நினைத்துக் கொஞ்ச நாள் தேடுவார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எந்தப் புதுச் சாமானைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும் மனிதர் சொல்வது ஒன்றேதான்: "மூணாவது வரட்டும்." முதல் மாடல் பைத்தியத்துக்கு, ரெண்டாவது பணக்காரனுக்கு, மூணாவதுதான் நமக்கு என்பது அவர் கட்சி. சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பெருமைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? நாலு மாடிக் கடை அது. டிவி, ஃப்ரிட்ஜ், போன், காதில் மாட்டுவது, கையில் கட்டுவது என்று எது புதிதாக வந்தாலும் அதைக் கடைக்குள் விடலாமா கூடாதா என்று முடிவு சொல்வது முப்பது வருஷமாக அவர் வேலை. கோட்டு போட்ட கம்பெனிக்காரர்கள் வந்து பெரிய திரையில் படம் காட்டி, உலகமே மாறப்போகிறது என்பார்கள். இவர் அவர்கள் வாங்கிக்கொடுத்த டீயை ஆற அமரக் குடித்து முடித்துவிட்டு, "போன வருஷமும் உலகம் மாறப்போகுதுன்னு ஒண்ணு கொண்டுவந்தீங்களே, அது என்னாச்சு சார்?" என்பார். பாதிப் பேருக்கு முகம் செத்துவிடும்.

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. பட்ட புத்தி. டிவி மாடியில் விற்பனையாளராக இருந்த காலத்தில், ஒரு வருஷச் சேமிப்பைக் கொட்டி, கையில் வைத்துப் படம் பார்க்கிற பெட்டி ஒன்று வாங்கினார். அதற்கென்று தனி கேசட் போட வேண்டும். கம்பெனிக்காரன் மூன்றே மூன்று கேசட் வெளியிட்டுவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அந்த மூன்று படத்தையே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வில்லன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் வசனத்தைச் சொல்லிவிடுவாள். அவளுக்குச் சிரிப்பு. இவருக்கு வயிற்றெரிச்சல். அன்றைக்கு முடிவு செய்தார், இனி எவனுடைய முதல் மாடலுக்கும் நாம் சோதனை எலி ஆவதில்லை என்று.

அவர் சரக்கை எடைபோடும் முறை விசித்திரமானது. சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுவார். எப்படி உபயோகிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மூன்று நாள் யார் வேண்டுமானாலும் நோண்டுவார்கள், அது கணக்கில்லை. பத்தாம் நாள் காலையில் அதன் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். தூசி இருந்தால் சரக்கு செத்தது. தூசி இல்லாமல், யாரும் சொல்லாமலேயே யாராவது அதைச் சார்ஜில் போட்டிருந்தால், கடைக்குள் விடலாம். அந்த 'யாராவது' வேறு யார்? அவர் மனைவிதான்.

வீட்டின் முன்னறையில் அவள் தையல் மெஷின் போட்டிருந்தாள். கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக இருப்பவளுக்கு எந்தப் புதுச் சாமானும் பெரிய விஷயமில்லை. தானே தரை பெருக்கும் உருண்டை ஒன்று வந்தது. இரண்டாம் நாளே வெட்டுத்துணி நூலையெல்லாம் விழுங்கி மெஷினுக்கடியில் மூச்சுத் திணறிக் கிடந்தது. "இதுக்கு முதல்ல நான் பெருக்கி வைக்கணும், அப்புறம் இது பெருக்கும்" என்றாள். சட்டை மடிக்கும் பெட்டி வந்தபோது, "அது ஒண்ணு மடிக்கிறதுக்குள்ள நான் ஒண்ணு தைச்சே முடிச்சிருவேன்" என்றாள். இரண்டும் சந்தையில் மண்ணைக் கவ்வின. ரிப்போர்ட்டின் கடைசியில் 'வீட்டில் பத்தாம் நாள்' என்று ஒரு கட்டம் அவரே சேர்த்திருந்தார். முதலாளி மற்றதைப் படிக்காமல் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

அவளுடைய ஐம்பதாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, காதையும் கூட்டிக்கொண்டு போயிற்று. நரம்பே பட்டுப்போய்விட்டது, காதில் மெஷின் வைத்தால் இரைச்சல் கேட்கும், பேச்சு கேட்காது, ஆபரேஷனும் பயன்படாது என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூணாவது மோசமான மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். காலிங்பெல்லை அழுத்தினால் தையல் மெஷினுக்கு மேலே சிவப்பு பல்பு எரியும்படி அவரே ஒயர் இழுத்தார். கதவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகை மாட்டி மார்க்கர் கட்டித் தொங்கவிட்டார். 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று கடையில் எடுத்ததற்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பழமொழியை அடியோடு விட்டார். பல்பும் பலகையும் நன்றாகவே வேலை செய்தன. வாடிக்கைக்காரப் பெண்கள் வந்து, 'கை நீளம் குறைக்கணும்', 'வெள்ளிக்கிழமை வேணும்' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆனால் பலகையில் எழுதி யாராவது ஊர்வம்பு பேசுவார்களா? மேல்வீட்டுக்காரியின் மகள் யாரோடு போனாள், எதிர்வீட்டுக்காரர் ஏன் வேலையை விட்டார், இதையெல்லாம் எவள் மார்க்கரைப் பிடித்து எழுதிக்கொண்டு நிற்பாள்? தேவையானது மட்டும் அவளுக்கு வந்து சேர்ந்தது. தேவையில்லாததுதான் அவளுக்கு உயிர். போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதி உண்டே என்று அவள் தங்கை போட்டுக் கொடுத்தாள். கையில் கத்தரிக்கோலும் கால் பெடலிலுமாக இருப்பவள் போனை எங்கே பிடிப்பது? வந்தவர்களும் மனுஷியைப் பார்த்துப் பேசுவதா, போனைப் பார்த்துப் பேசுவதா என்று தெரியாமல் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். நாலு வருஷத்தில் அவளும் பேசுவதைக் குறைத்துவிட்டாள். சிரிப்பு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடி வந்தது.

பார்க்க மூக்குக்கண்ணாடி மாதிரிதான், கொஞ்சம் தடிமன். காதுக்குப் பின்னால் கழலைபோல ஒரு பேட்டரி. போட்டுக்கொண்டால் கண்ணெதிரே எழுத்து மிதக்கும். வெயில் எத்தனை டிகிரி, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், யார் மெசேஜ் அனுப்பியது, எல்லாம் தெரியும். விலை, கடையின் மாடி மேனேஜருக்கு மூன்று மாதச் சம்பளம். இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும், நெற்றிப்பொட்டில் சூடு ஏறும். கம்பெனிக்காரர் திரையில் ஓட்டிய படத்தில், ஒல்லியான ஓர் ஆள் அதைப் போட்டுக்கொண்டு மலையில் ஓடிக்கொண்டிருந்தான். எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாகக் காட்டும் என்பது பட்டியலில் எங்கோ அடியில், பதினோராவதாக இருந்தது. கம்பெனிக்காரர் அதைப் படிக்கவே இல்லை.

மூணாவது அன்றைக்கே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனாலும் முறை முறைதான். ஒரு சாம்பிளைக் கீழ்த்தளத்தில் மக்கள் போட்டுப் பார்க்க வைத்தார். இன்னொன்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

முதல் நாள் அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் தங்கை வந்தாள். அவள்தான் நோண்டி நோண்டி அந்தப் பதினோராவதைக் கண்டுபிடித்து, அக்கா மூக்கில் மாட்டிவிட்டு, "அக்கா, நான் பேசுறது தெரியுதா?" என்றாள். எழுத்து சற்றுத் தாமதமாகவும் தப்பும் தவறுமாகவும் வந்தது. அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு, "இன்னும் பேசு" என்றாள். "எதைப் பத்தி?" "எதையாவது பேசேன்டி!"

அன்று மாலை மூணாவது வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வழக்கம்போல முணுமுணுத்தார். நாலு வருஷப் பழக்கம் அது. காது கேட்காதவள் முன்னால் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் கண்டிருந்தார். "வந்தா ஒரு வாய்த் தண்ணி குடுக்க நாதி இல்ல. எந்நேரமும் அந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழுறா" என்றார்.

"தண்ணி ஃப்ரிட்ஜுல இருக்கு. எடுத்துக் குடிக்க கையில என்ன சுளுக்கா?" என்றாள் அவள், நிமிராமல்.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள். இவரும் சிரித்தமாதிரி ஏதோ செய்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் அவர் முணுமுணுக்கவில்லை. அவர் எழுதிய தீர்ப்புக்கு இது காரணமில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். செய்யட்டும்.

அடுத்த ஏழு நாளும் வீட்டில் ஒரே அமர்க்களம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு, பிறகு சார்ஜ், பிறகு மூன்றிலிருந்து ஐந்து என்று பேட்டரிக்கு ஏற்றபடி வாடிக்கைக்காரர்களை வரச்சொன்னாள். அளவு கொடுக்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். நாலு வருஷ வம்பும் வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. கழலை உரசி காதுக்குப் பின்னால் சிவந்துவிட்டது. ஒரு வெட்டுத்துணியை மடித்து வைத்துத் தைத்து, அதற்கு ஒரு மெத்தை செய்துகொண்டாள். ராத்திரி துடைத்து, பட்டுத்துணியில் சுற்றி, சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

கீழ்த்தளத்தில் கதை வேறு. ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து பேர் போட்டுப் பார்த்தார்கள். 'ஐயோ, எழுத்து பறக்குது' என்று சிரித்து, செல்ஃபி எடுத்து, விலையைக் கேட்டுக் கழற்றி வைத்தார்கள். இரண்டாவது முறை வந்து கேட்டவர் ஒருத்தர்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள், "என்னங்க, இதை வச்சுக்கலாமா?"

அவள் வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, கம்பெனிக்காரர்களிடம் பேசும் அதே குரலில் விளக்கினார். "இங்க பாரு, இது முதல் மாடல். கொள்ளை விலை. பேட்டரி உளுத்துப்போயிடும், மாத்த ஆள் இருக்கமாட்டான். இந்தக் கம்பெனி ரெண்டு வருஷம் தாங்காது, எழுதி வச்சுக்கோ. இதையே பாதி விலைக்கு, பாதி எடையில, வேற எவனாவது கொண்டுவருவான். மூணாவது வரட்டும், நானே வாங்கித் தர்றேன்." அத்தனையும் அவள் கண்ணெதிரே எழுத்தாக ஓடியது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

பத்தாம் நாள் காலை அவர் விரல் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? ரிப்போர்ட்டை எடுத்து விலை, எடை, சூடு, சர்வீஸ் என்று வரிசையாக எழுதினார். 'வீட்டில் பத்தாம் நாள்' கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் வைத்த சட்டப்படி இது கடைக்குள் விட வேண்டிய சரக்கு. ஆனால் இவள் கணக்கு வேறாயிற்றே, காது கேட்காதவள், பொதுஜனத்தில் சேர்த்தி இல்லை, பெண்டாட்டி ஆசைப்பட்டாள் என்பதற்காக முதலாளியின் முதலை முடக்கினால் அது துரோகமில்லையா, என்று தனக்குத்தானே வாதாடி, 'பொருந்தாது' என்று எழுதினார். சாம்பிளைத் திரும்ப வாங்க வந்த கம்பெனிக்காரர், பாவம், ஆசையாகக் கேட்டார், "வீட்ல யாராவது யூஸ் பண்ணாங்களா சார்?"

"இல்ல" என்றார் மூணாவது.

ரிப்போர்ட்டில் பொய் எழுதாதவர் என்று பெயரெடுத்த மனிதர். நேர்மை தவறிவிடக் கூடாது என்று பயந்து, அந்த நேர்மைக்காகவே பொய் சொன்னார். கேட்கிற நமக்குக் கோபம் வருமா, வராதா? முப்பது வருஷமாக யாரை வைத்து ஊர் மனதை அளந்தாரோ, அவளே ஒரு பொருளைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றியபோது, அவளை ஆளே இல்லை என்று கணக்கிலிருந்து அடித்துவிட்டார். மெத்தை வைத்துத் தைத்த அந்தத் துண்டு சாம்பிளோடேயே போய்விட்டது.

கம்பெனி சாம்பிள்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதாகக் கேள்விப்பட்டுத் தங்கை ஓடி வந்தாள். "மாமா, நீங்க குடுக்க வேண்டாம். நான் பாதி போடுறேன். அக்காவுக்கு ஒண்ணு வாங்கிடலாம்."

"கையைச் சுட்டுக்காதம்மா. எனக்குத் தெரியாத சரக்கா? இது நிக்காது."

"நிக்குதோ விழுதோ, அக்கா பத்து நாள் எப்படி இருந்தான்னு பாத்தீங்கல்ல?"

"அதெல்லாம் புதுமோகம்."

இவர் வாக்குக்கு மேல் வாக்கு உண்டா? தங்கை வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் மறுபடியும் பல்பு எரிந்தது, பலகை நிறைந்தது, அழிந்தது.

பதினாலு மாதம் கழித்து அந்தக் கம்பெனி படுத்தது. சாதாரணமாகப் படுக்கவில்லை. எங்கோ தொலைவில் அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை நிறுத்தியதும், விற்ற கண்ணாடிகள் அத்தனையும் ஒரே ராத்திரியில் வெறும் கண்ணாடியாகிவிட்டன. பேப்பரில் கால்பக்கத்துக்குச் செய்தி. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, "எதிர்க் கடைக்காரன் நூறு பீஸ் எடுத்துட்டுத் தலையில துண்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். நம்மளைக் காப்பாத்துனது யாரு? நம்ம மூணாவது!" என்றார். கை தட்டினார்கள். ஒரு பேனா பரிசாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனிதர் அன்றைக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். கையில் வெண்ணெய் இருந்ததைத் தட்டிவிட்டவன், நெய் விலை ஏறியதைச் சொல்ல ஓடி வருவதுபோல. முன்னறையில் அவள் யாருக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் மேல் பேப்பரை விரித்து வைத்துவிட்டு, பலகையில் பெரிதாக எழுதினார்: 'பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்.'

அவள் செய்தியைக் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். "எல்லாமே நின்னுபோச்சா?"

தலையை ஆட்டினார்.

"எப்ப?"

'நேத்து' என்று எழுதினார்.

"நாம திருப்பிக் குடுத்தது எப்ப?"

இவர் விரலை மடக்கி எண்ணினார். எண்ணியதை உற்சாகமாகவே எழுதினார்: '14 மாசம். வாங்கியிருந்தா 14 மாசத்துல குப்பைக்குப் போயிருக்கும்!'

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலு மாசம் எனக்குக் கேட்டிருக்கும்" என்றாள்.

இவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேச ஆரம்பித்தார். விலையைச் சொன்னார், பேட்டரியைச் சொன்னார், சூட்டைச் சொன்னார், முதலாளி சொன்னதைச் சொன்னார். பேச்சு கிடுகிடுவென்று வந்தது. அவள் அவர் வாய் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சும்மா வாயை வாயை அசைக்காதீங்க" என்றாள். "என்கூட பேசணும்னா எழுதுங்க. இத்தனை நாள்ல கதவைப் பூட்டினியா, கரன்ட் பில் கட்டினியா, இதைத் தவிர என்ன எழுதியிருக்கீங்க எனக்கு? அந்தப் பத்து நாள்ல பக்கத்து வீட்டுக்காரி எங்கிட்ட பேசுனதுல பாதிகூட நீங்க பேசல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் பலகையைத் துடைத்தார். மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினார். அந்த மனிதருக்கு வேறு பாஷை தெரியாது, அதுதான் விஷயம். மன்னித்துவிடு என்று எழுதத்தான் கையைத் தூக்கினார். வந்தது இது: 'வேற கம்பெனி ரெண்டாவது கொண்டுவரப் போறான். இன்னும் நாலஞ்சு வருஷத்துல மூணாவது வந்துடும். கண்டிப்பா வாங்கிடலாம்.'

அவள் படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார், கோபப்படவில்லை. காலரில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

"சரி. அது வரைக்கும் நான் என்ன பண்ணணும்? அதையும் எழுதிடுங்க."

மெஷினுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தது. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வந்த பெண் இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பலகையில் இடமில்லாததைக் கண்டு, அவர் எழுதியிருந்ததைக் கையாலேயே துடைத்தாள். மார்க்கரைக் கேட்டுக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். 'இடுப்புல அரை இஞ்ச் பிடிக்கணும்' என்று எழுதினாள் அந்தப் பெண்.